கண்ணை மூடிக்கொண்டு பார்த்த படம்

கொழும்பிலிருந்து மதராஸுக்கு வருகிறவர்கள் பட்டுச்சேலை எடுக்க வருவார்கள், சாமி கும்பிட வருவார்கள், தம்பிக்குப் பெண் பார்க்க வருவார்கள். நான் பேய் பார்க்க வந்தேன். அதுவும் வெள்ளைக்காரப் பேய்.

எங்கள் முதலாளி கொப்பரை வியாபாரி. யுத்த காலத்தில் கொழும்பில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளைக்காரச் சிப்பாயாக இருந்ததைப் பார்த்து, அவர்களை நம்பி ஒரு சினிமாக் கொட்டகையை வாங்கினார். யுத்தம் முடிந்தது. சிப்பாய்கள் கப்பலேறிப் போனார்கள். கொட்டகை போகவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற நம் ஆட்கள் இங்கிலீஷ் படத்துக்கு வந்து கொஞ்ச நேரம் உட்காருவார்கள். "என்னதான் பேசுதான் இவன்?" என்று பக்கத்து ஆளைக் கேட்பார்கள். அவருக்கும் தெரியாது. இருவருமாக எழுந்து போய்விடுவார்கள்.

"இன்னும் ஒரு படம் போட்டுப் பார்ப்பேன். அதுவும் ஓடலேன்னா கொட்டகையில கொப்பரையைக் கொட்டிடுவேன்," என்றார் முதலாளி. அவர் சொன்னால் கொட்டிவிடுவார். கொப்பரைக்கு ஆபரேட்டர் வேண்டாம், கேட் காவல்காரர் வேண்டாம், டிக்கெட் கிழிக்கிற நானும் வேண்டாம்.

வழக்கமாக மதராஸுக்கு வந்து படம் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற மானேஜருக்கு அந்தச் சமயம் பார்த்து மஞ்சள் காமாலை. கொட்டகையில் மிச்சமிருந்தவர்களில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்குத் தெரியாதது வேறு ஒன்று இருந்தது: இருட்டில் உட்காருவது. விளக்கு அணைந்ததும் நான் டிக்கெட் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுவிடுவேன். இத்தனை வருஷம் கொட்டகைச் சோறு தின்றும் முழுதாக ஒரு படம் பார்த்தவனில்லை. இதை முதலாளியிடம் சொல்லலாம் என்றுதான் போனேன். அதற்குள் அவர் என் கையில் கப்பல் டிக்கெட்டைத் திணித்துவிட்டார்.

மேற்கு மாம்பலத்தில் செல்லம்மா அக்காள் வீடு. பெரியப்பா மகள். அத்தான் ஏதோ ஒரு ஆபீஸில் குமாஸ்தா. மின்சார ரயிலில் போய், மின்சார ரயிலில் திரும்புகிறவர். வீட்டுக்குப் பின்னாலேயே தண்டவாளம். ரயில் போகும்போதெல்லாம் பரணில் இருக்கும் பாத்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அந்த வீட்டுக் குழந்தைகள் அதைக் கேட்டால்தான் தூங்குமாம். நான் அதைக் கேட்டு எழுந்து உட்கார்ந்தேன்.

காலையில் ரேஷன் அரிசி இட்லி. கல்லை ஊற வைத்து அரைத்தமாதிரி இருந்தது. கொழும்பில் இடியாப்பமும் சம்பலும் தின்று கெட்டுப்போன நாக்கு. ஆனாலும் அக்காள் முகத்தைப் பார்த்து நாலு தின்றேன்.

"மாப்ளே, நீரா பேய்ப்படம் பாக்கப் போறீரு?" என்றார் அத்தான். "ஊர்ல கொல்லைக்குப் போகவே லாந்தரோட ஒரு ஆள் தொணை வருமே ஒமக்கு."

"அவன் அப்பம் சின்னப் பையன்," என்றாள் அக்காள்.

"சின்னப் பையனா? நம்ம கல்யாணத்துக்கு வந்திருந்தப்பம்லா. லாந்தர் பிடிச்சது நாந்தான். மாப்பிள்ளைக் கோலத்தோட."

அக்காள் சிரித்துச் சட்டினியைக் கொட்டினாள். நான் கை கழுவ எழுந்தேன்.

படங்களை வாடகைக்கு விடுகிறவர் வைத்தியநாதன் என்ற மயிலாப்பூர்க்காரர். எல்லாரும் வைத்தா சார் என்பார்கள். வெளியூர்க்காரர்களுக்குப் படம் போட்டுக் காட்ட அடையாற்றில் ஒரு பங்களாவை வைத்திருந்தார். அங்கே போக ஜட்கா பிடித்தேன். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் போனதும் குதிரை நின்றுவிட்டது. அடித்தாலும் கொஞ்சினாலும் நகரவில்லை.

"தண்ணியக் கண்டா பயம் இதுக்கு," என்றான் வண்டிக்காரன். "நீ எறங்கி முன்னால நடந்தியானா உன்னப் பாத்து வந்துடும்."

நான் முன்னால் நடந்தேன். குதிரை என் முதுகையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்தது. என் வாழ்க்கையில் என் தைரியத்தை நம்பிய ஜீவன் அது ஒன்றுதான். அதற்கு என்னைப்பற்றி ஒன்றும் தெரியாது.

பங்களாவைச் சுற்றி மாமரங்கள். நடுப்பகலிலேயே உள்ளே இருட்டு. ஜன்னல்களில் யுத்த காலத்தில் ஒட்டிய கறுப்புத் தாளை வைத்தா சார் கிழிக்கவே இல்லை. "படம் போட சௌகரியமா இருக்கு, என்னத்துக்குக் கிழிக்கறது?" என்றார். நல்ல காப்பி கொடுத்தார். என்னைச் சிலோன் சார் என்று கூப்பிட்டார். அதுவரை என்னை யாரும் சார் என்றதில்லை. பயத்தோடு கொஞ்சம் கர்வமும் சேர்ந்துகொண்டது.

முதலில் குதிரைப் படம். வெள்ளைத் தொப்பிக்காரன் நல்லவன், கறுப்புத் தொப்பிக்காரன் கெட்டவன். இது தெரிந்தால் இங்கிலீஷே வேண்டாம். குதிரைகள் நடித்த அளவுக்கு மனிதர்கள் நடிக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வெட்டவெளியில் எங்கோ ஒரு புள்ளி தெரிகிறது. அது மெல்லப் பெரிதாகிக் குதிரையாகி, குதிரைமேல் ஆளாகிறது. அதுவரை ஒரு பேச்சு இல்லை, பாட்டு இல்லை. அவ்வளவு நேரம் சும்மா இருக்க நம் படக்காரர்களுக்குத் தைரியம் கிடையாது. நம் படமாக இருந்தால் குதிரை வந்து சேருவதற்குள் கதாநாயகி மூன்று பாட்டு முடித்து நாலாவதற்குச் சுருதி சேர்த்திருப்பாள். துப்பாக்கி வெடித்த இடங்களில் மட்டும் நான் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அடுத்தது பெரிய மனிதர்கள் வீட்டு நடனப் படம். ஆண்கள் எல்லாருக்கும் அங்கவஸ்திரம் போடத் தெரியாததால் பின்னால் வால் வைத்த கோட்டு. இதில் கதாநாயகி மாடிப்படி இறங்கி வருகிற ஒரு காட்சி. காத்திருந்தவன் வரவில்லை என்று அவளுக்குப் புரிகிறது. முகத்தை மட்டும் திரை முழுக்கக் காட்டினார்கள். அழவில்லை, நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை. கைவிசிறியை மூடினாள், அவ்வளவுதான். வைத்தா சார் வேஷ்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். எங்கள் துறைமுக ஆட்கள் அந்த விசிறிக்குக் காத்திருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது.

"இப்போ பாருங்கோ," என்று மூன்றாவது பெட்டியைத் திறந்தார். "இதுதான் சரக்கு. கலங்கரை விளக்கத்துல ஒரு பேய்."

திரையில் மூடுபனி. அலைச் சத்தம். கல்படியில் ஈரக் காலடி ஒன்று விழுந்தது. சளக். இன்னொன்று. சளக். ஆளைக் காணோம்.

எழுந்துவிட்டேன். "சார், வயிறு சரியில்லை, ரேஷன் அரிசி," என்று சொல்லிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து மாமரங்களுக்கு நடுவே ஓடினேன். ஏதோ ஒரு மரத்தில் வௌவால்கள் ஒரேயடியாகக் கிளம்பின. அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடியதில், குண்டு விழுந்தால் பதுங்க யுத்த காலத்தில் வெட்டி, மூடாமல் விட்டிருந்த பள்ளத்துக்குள் விழுந்தேன். இடுப்பளவு மழைத் தண்ணீர். ஜப்பான்காரனுக்காக வெட்டிய குழி கடைசியில் எனக்குத்தான் உபயோகப்பட்டது. ஏறி வந்தபோது செருப்பில் தண்ணீர் நிறைந்து, நான் நடக்க நடக்கச் சளக், சளக் என்றது. அதைக் கேட்டு மறுபடியும் ஓடினேன்.

வைத்தா சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தனியா உக்காந்து பார்த்தா படத்தோட அருமை தெரியாது சிலோன் சார். நாளைக்கு மயிலாப்பூர் டெண்டுக் கொட்டகையில இதே படம்தான். ஜனங்களோட மண்ணுல உக்காந்து பாருங்கோ. பார்த்துட்டு நம்ப ஆத்துக்கு வந்து அபிப்பிராயம் சொல்லுங்கோ. மலேயாக்காரர் ஒருத்தர் வேற கேட்டுண்டிருக்கார்."

மறுநாள் மாலை முதல் ஆட்டம். டிராமில் தூரம் தெரியாமல் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, சுண்டல் விற்கிறவனைக் கேட்டுக் கேட்டுப் போனேன். மேலே கித்தான் கூரை, கீழே கடல் மணல். தரை டிக்கெட்காரர்கள் உள்ளே வந்ததும் முதல் காரியமாக மணலைக் கையால் கூட்டித் தங்களுக்கு ஒரு மேடு கட்டிக்கொண்டார்கள். மேட்டில் உட்கார்ந்தால் முன்னால் இருப்பவன் தலை மறைக்காது. நானும் கட்டினேன். பயத்தில் கை நிற்காமல் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"யோவ், இன்னா கோபுரமா கட்ற?" என்றாள் பின்னால் ஒரு மீன்காரம்மா. "நாங்க இன்னா உன் முதுகப் பாக்கவா துட்டு குத்தோம்? கொஞ்சம் கலச்சு வுடு."

கலைத்துவிட்டேன். விளக்கு அணைந்தது. கண்ணை இறுக மூடினேன்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. இங்கிலீஷ் படத்துக்குக் கதை சொல்கிற ஆள். திரைக்குக் கீழே தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு நிற்பாராம். பெயர் சவரிமுத்து. காலையில் சாந்தோம் குப்பத்தில் மீன் ஏலம் விடுகிறவர் என்று மீன்காரம்மா முன்பே சொல்லியிருந்தாள். படத்துக்குள் பேசிய வெள்ளைக்காரர்கள் யாருடைய குரலும் அவர் குரலுக்கு மேலே எழும்பவில்லை.

"பாரு பாரு பாரு... வரான் கேப்டன். கடல்ல செத்தவன் கரைக்கு வரான். யாரத் தேடி வரான்? கட்ன பொண்டாட்டி மூத்தவளத் தேடி வரான். கயித்த அறுத்துட்டு இவன முழுக வுட்டது யாரு? கூடப் பொறந்த தம்பி. இப்ப அந்தத் தம்பி கதவச் சாத்திக்கினு உள்ள குந்திகினு கீறான். கதவாண்ட நிக்கிறான் கேப்டன். தட்றான். ஒரு தரம்..."

கொட்டகை முழுவதும் மூச்சை அடக்கியது.

"ரெண்டு தரம்..."

ஒரு குழந்தை விசும்பியது. மூன்றாம் தரம் அவர் சொல்லவில்லை. சொல்லாமலே நிறுத்தினார். நான் என் மணல் மேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அந்த மூடிய கண்ணுக்குள் நான் கண்ட கேப்டனை எந்த வெள்ளைக்காரனும் படம் பிடித்திருக்க முடியாது. அவனுக்கு என் பெரியப்பாவின் மீசை இருந்தது.

மூத்தாள் கரையில் ஈரத் தலையோடு காத்திருந்து கடைசியில் புருஷனோடு கடலுக்குள் நடந்து போன இடத்தில் மீன்காரம்மா மூக்கைச் சிந்தினாள். "இவ இன்னா பாவம் பண்ணா, சொல்லு?" என்று என்னைக் கேட்டாள். நானும் மூக்கைச் சிந்தினேன்.

மறுநாள் காலை கோயில் குளத்துக்குப் பக்கத்தில் வைத்தா சார் வீடு. டவரா டம்ளரில் காப்பி. நான் படம் பார்த்துப் பழகிய மனிதனாகக் காலை நீட்டி உட்கார்ந்து, அபிப்பிராயத்தை ஆரம்பித்தேன். "எல்லாரும் நன்றாக நடித்திருக்கிறார்கள் சார். ஆனால் அந்த மூத்தாளாக வருகிற பெண்மணி இருக்கிறாரே, அவர்தான் படத்தைத் தூக்கி நிறுத்துகிறார்."

வைத்தா சார் காப்பியை ஆற்றுவதை நிறுத்தினார். "எந்த மூத்தாள்?"

"கேப்டனின் முதல் சம்சாரம். ஈரத் தலையோடு..."

"சிலோன் சார், படத்துல பொம்மனாட்டியே ஒருத்திதான். வெளக்குக்காரனோட பொண்ணு. அவன் தூங்கிப்போய் வெளக்கு அணைஞ்சு, அதனால கப்பல் முழுகறது. கேப்டன் அவனைத் தேடிண்டு வரான். கதை அவ்வளவுதான். தம்பியும் கெடையாது, மூத்தாளும் கெடையாது." என் முகத்தையே பார்த்தார். "நீங்க படம் பார்க்கும்போது கண்ணைத் தொறந்துண்டுதானே இருந்தேள்?"

காப்பி எனக்குள் எங்கோ வழி தவறிப் போய் இருமலாக வந்தது. கொழும்பில் கொப்பரை மூட்டைகள் வரிசையாக உருண்டு கொட்டகைக்குள் போவது கண்ணில் தெரிந்தது.

"இன்னிக்கு ஒரு ஆட்டம் இருக்கு," என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "போய் ஒழுங்காப் பாருங்கோ. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள உங்க முதலாளிக்குத் தந்தி அடிச்சு முடிவு சொல்லிடணும். இல்லேன்னா மலேயாக்காரர் கொண்டுபோயிடுவார். கண்ணை மூடிண்டு படம் வாங்க வந்தவரை இப்பத்தான் பார்க்கறேன்."

கபாலீசுவரரிடம் போய் ஒரு அர்ச்சனை செய்தேன். பேய்க்கெல்லாம் தலைவர் அவர்தானே, வெள்ளைக்காரப் பேயும் அவருடைய இலாகாவில் சேர்ந்ததுதானா என்பது மட்டும் சந்தேகமாக இருந்தது. சாயங்காலம் அதே மணல். மேடு சின்னதாகக் கட்டினேன். மீன்காரம்மா அன்றும் வந்திருந்தாள். "இன்னா, நேத்து பயந்தது போதாதா உனக்கு?" என்றாள். முந்தின நாள் கண்ணை மூடித்தான் உட்கார்ந்திருந்தேன். நான் பயந்தது பின்னால் இருந்தவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

விளக்கு அணைந்தது. கண்ணைத் திறந்தே வைத்திருப்பது என்று தீர்மானம். திரையைப் பார்க்க முடியவில்லை. அதனால் திரைக்குக் கீழே பார்த்தேன். சவரிமுத்து நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான ஆள், தோளில் துண்டு, வாயில் தகரக் குழாய். அவரையே பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லக் கண்ணை மேலே ஏற்றினேன். ஏற்றியது நல்லதாய்ப் போயிற்று. அந்தப் படக்காரன் பெரிய கெட்டிக்காரன். பேயைக் கடைசிவரை காட்டவே இல்லை. ஈரக் காலடித் தடங்கள் மட்டும் படியில் ஒவ்வொன்றாக விழுகின்றன. விளக்குக்காரன் அவற்றைத் துணியால் துடைத்துக்கொண்டே வருகிறான். துடைத்து நிமிர்ந்தால் அவன் பின்னால் புதிதாக ஒன்று. அவ்வளவுதான். நான் மூடிய கண்ணுக்குள் பார்த்த மீசை எங்கும் இல்லை. ஆனாலும் அந்தத் துடைக்கிற துணியைப் பார்த்தபோது என் முதுகுத்தண்டு மணலுக்குள் இறங்கியது. மறுபடியும் சவரிமுத்துவிடம் திரும்பினேன்.

அப்போதுதான் கவனித்தேன். கொட்டகையே திரையைப் பார்த்து அலறுகிறது. சவரிமுத்து எங்களைப் பார்த்து நிற்கிறார். ஆரம்பத்திலிருந்து ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. பின்னால் பெண் கத்தினால், "மூத்தவ கத்றா பாரு" என்கிறார். கதவு தட்டப்பட்டால் ஏலத்தை ஆரம்பிக்கிறார். நாங்கள் வாயைப் பிளந்தால் கேப்டன் வந்துவிட்டான் என்று அவருக்குத் தெரிகிறது.

விடிந்ததும் சாந்தோம் குப்பத்துக்குப் போனேன். மாதா கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. கட்டுமரங்கள் கரையேறியிருந்தன. சவரிமுத்து வஞ்சிரக் குவியலுக்கு முன்னால் நின்று அதே குரலில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். நான் சைவம். மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு காத்திருந்தேன். ஏலம் முடிந்ததும் சிலோன் கொட்டகைக்காரன் என்று சொல்லிக்கொண்டேன்.

"வா நைனா. இன்னா சமாசாரம்?"

"கதை பிரமாதம். ஆனால் நீங்கள் படத்தைத் திரும்பியே பார்ப்பதில்லையே, ஏன்?"

சுற்றுமுற்றும் பார்த்தார். என்னைப் படகு மறைவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். "வெளியே சொல்லிடாத. எவன் பாப்பான் அத? மொத நாளு ஒரு தபா திரும்பிப் பாத்தேன். அன்னிக்கி ஜொரம் வந்து பட்த்துக்கினேன். அப்பால திரும்பறதே கெடியாது. ஜனங்க மூஞ்சியப் பாத்தா போதும், கத தானா வரும்."

"மூத்தாள்?"

"பொம்பள கத்ற சத்தம் கேட்டுச்சு. யாராவது ஒருத்தி இருக்கணுமில்ல? மூத்தவளா இருந்தாதான் நம்ம ஜனம் அழுவும்."

அந்த நிமிஷத்தில் எனக்கு முழுப் படமும் புரிந்தது. எங்கள் கொட்டகைக்குத் தேவை படம் மட்டும் அல்ல. "என்னோடு கொழும்புக்கு வந்துவிடுங்கள். எங்கள் ஆட்களுக்கு நீங்கள்தான் கதை சொல்ல வேண்டும்," என்றேன்.

"கப்பல்லயா?" அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "ஐய, நான் வர்ல. கடலுக்குப் போறதுக்குப் பயந்துகினுதான் ஏலம் வுடவே வந்தேன். எங்கப்பாரு என்னைக் கட்டுமரத்துல ஏத்தப் பாத்து ஓஞ்சே பூட்டாரு. நீ ஒண்ணு பண்ணு. நீயே சொல்லு."

"நானா? எனக்குப் படம் பார்க்கவே பயம்."

"அதான் சொல்றேன்," என்றார் சவரிமுத்து, பொறுமையாக. "கொட்டாயில பட்த்தப் பாக்காம நிக்கறதுக்கு எடம் அது ஒண்ணுதான்."

அங்கேயே, ஈர மணலில், குழாயைக் கையால் பிடிப்பது எப்படி, இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் சும்மா நிற்பது என்று சொல்லிக்கொடுத்தார். அவர் சம்சாரம் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.

தியாகராய நகர் தபாலாபீஸில் தந்தி கொடுத்தேன். பேய்ப்படம் எடுக்கிறோம், தமிழில் கதை நான் சொல்கிறேன் என்று எழுதினேன். எழுதியதைக் குமாஸ்தா இரண்டு தரம் திருப்பிக் கேட்டார். வைத்தா சார் பெட்டியைக் கட்டிக் கொடுத்தார். அத்தான் எழும்பூருக்கு வந்து வழியனுப்பினார். "பேயையே பெட்டியில போட்டுத் தூக்கிட்டுப் போறீரே மாப்ளே, ராத்திரி தொணைக்கு யாரு?" என்றார். ரயிலைவிட்டுக் கப்பலேறியதும் அந்தப் பெட்டியை என் காலடியில் வைக்காமல் அடுத்தவர் காலடியில் வைத்தேன்.

கொழும்பில் முதல் ஆட்டம். துறைமுக ஆட்கள் தரையில் நிரம்பியிருந்தார்கள். எல்லாருக்கும் நடுவில், பிரம்பு நாற்காலியில், முதலாளி. அவர் முகத்தில் கொப்பரை விலை தெரிந்தது. தகரக் குழாயை எடுத்துக்கொண்டு திரைக்குக் கீழே போய், அதற்கு முதுகைக் காட்டி நின்றேன். விளக்கு அணைந்தது. டிக்கெட் அறைக் கதவு எதிரே, ஆனால் வெகு தூரத்தில் இருந்தது.

பின்னால் சளக் என்றது. நீல வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான முகங்கள் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தன. படத்தைவிட அதுதான் பயங்கரமாக இருந்தது. ஆனால் அந்த முகங்கள் எனக்குக் கதை சொல்ல ஆரம்பித்தன, நான் அதைத் திருப்பிச் சொன்னேன். கேப்டன் வந்தான். தம்பி கதவைச் சாத்தினான். மூத்தாள் ஈரத் தலையோடு கரைக்கு வந்தபோது முதல் வரிசையில் ஒரு மூட்டைக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். யாரும் எழுந்து போகவில்லை.

கதவு தட்டப்பட்டது. "ஒரு தரம்," என்றேன். "ரெண்டு தரம்," என்றேன். சவரிமுத்து சொல்லிக்கொடுத்தபடி நிறுத்தினேன். நிறுத்திய இடத்தில் முதலாளி என்ன செய்கிறார் என்று பார்த்தேன்.

அவர் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தலையை என் பக்கம் சாய்த்து, கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார். மூன்றாம் தரத்துக்காகக் காத்திருந்தார்.